டிகிரி இல்லாமல் முதல் வெப் டெவலப்பர் வேலை: பினாங்கு ஆஃபரை எடுக்கலாமா?

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 10.52

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 24. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்ததும் வீட்டு நிலைமையால் வேலைக்குப் போய்விட்டேன். இப்போது ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறேன். எக்செலில் ஃபார்முலா எழுதப் போய் கோடிங் ஆசை வந்தது. ஃப்ரீகோட்கேம்பில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். யூடியூபில் ஹார்வர்டின் சிஎஸ்50. அப்புறம் பிஎச்பி, அதில் தளம் கட்ட உதவும் லாராவெல். எல்லாம் வேலை முடிந்து வந்து இரவில், காசு செலவில்லாமல் படித்தது. கோடிங்கைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில் ஒரு டு-டு லிஸ்ட், ஒரு வானிலை ஆப், படம் தேடும் தளம் ஒன்று இருக்கின்றன.

ஜாப்ஸ்ட்ரீட், லிங்க்ட்இன், ஹயர்ட்லி எல்லாவற்றிலும் போட்டேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன வெப் ஏஜென்சி. ஜூமில் பேசினார்கள். மாதம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). முதல் ஆறு மாதம் ஃப்ரீலான்சர் கணக்காம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கிடையாது. அதற்கப்புறம் நிரந்தரம், ஆனால் இரண்டு வருட பாண்ட். நடுவில் விலகினால் 8,000 வெள்ளி கட்ட வேண்டும்.

இன்னொரு வழி கே.எல்.லில் (கோலாலம்பூர்) ஒரு பூட்கேம்ப், அதாவது தீவிரக் கோடிங் வகுப்பு. மூன்று மாதம், ஐந்து இலக்கக் கட்டணம், தவணையில் கட்டலாம். அம்மா நகையை வைத்துக் கட்டலாம் என்கிறார்.

எது சரி? வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்சிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மோனோரயில் | ஞாயிறு, இரவு 11.15

முதலில் நகையை வைக்காதே தம்பி. பூட்கேம்பில் சொல்லித் தருகிற முக்கால்வாசி நீ ஏற்கெனவே படித்தது. சர்டிபிகேட் பார்த்து வேலை கொடுத்த காலம் போய்விட்டது. அதோடு இப்போது ஏஐ வந்த பிறகு ஜூனியர் வேலையே குறைந்துகொண்டு வருகிறது. நிஜத்தைச் சொல்கிறேன், கோபப்படாதே.

சிக்னல்_இல்லை | திங்கள், காலை 12.08

காசு கொடுத்துப் படிக்கும் முன் சன்வேயில் இருக்கிற 42 கோலாலம்பூர் என்ற கோடிங் பள்ளியைப் பார்த்தீர்களா? கட்டணம் கிடையாது, டிகிரியும் கேட்பதில்லை, 18 வயது ஆகியிருந்தால் போதும். முதலில் நான்கு வாரம் பிசின் என்று ஒரு தேர்வுக்காலம். வாத்தியார் யாரும் இல்லை. கூடப் படிப்பவர்களே உங்கள் கோடிங்கைத் திருத்துவார்கள், நீங்கள் அவர்களுடையதைத் திருத்துவீர்கள். ஆனால் அங்கே தொடக்கம் சி மொழி. வெப் பக்கம் வர நாளாகும். அந்த நான்கு வாரமும் வேலைக்குப் போய்க்கொண்டு செய்வது ரொம்பக் கஷ்டம், கிட்டத்தட்ட அங்கேயே குடியிருக்க வேண்டும். கிடங்கு வேலையை விட முடியுமா என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பாதிராத்திரி_டெப்ளாய் | திங்கள், காலை 1.34

பாயான் லெப்பாஸில்தான் வேலை செய்கிறேன், அந்த ஏஜென்சியில் இல்லை. எங்கள் குழுவுக்கு ஜூனியர் எடுக்கும்போது ரெஸ்யூமே முதலில் என் மேசைக்குத்தான் வரும். அதனால் பதில் வராததற்கு என்ன காரணம் என்று என்னால் சொல்ல முடியும்.

டு-டு லிஸ்ட், வானிலை, படம் தேடல். இந்த மூன்றும் வருகிற ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் இருக்கும். பயிற்சிக்கு அவை நல்லவைதான். ஆனால் அதைப் பார்த்து உன்னைப் பற்றி நான் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. வீடியோவைப் பார்த்து எழுதினாயா, யோசித்து எழுதினாயா என்பது அதில் தெரியாது.

போன முறை நாங்கள் எடுத்த பையனிடமும் டிகிரி இல்லை. அவன் சித்தப்பா ஜெலுத்தோங் பக்கம் 24 மணி நேர மாமாக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்கு விற்பனைக் கணக்குப் பக்கம் ஒன்று செய்திருந்தான். பார்க்க அழகாகவே இல்லை, பச்சையும் ஆரஞ்சும் கலந்து கண்ணைக் குத்தியது. நேர்காணலில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவன் சொன்னதில் ஒன்று. லாராவெலில் நேரம் இயல்பாக யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்கும், config கோப்பில் அப்படித்தான் வரும். நமக்கும் அதற்கும் எட்டு மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு விற்ற மீ கோரெங் டேட்டாபேஸில் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி என்று பதிவாகும். தேதிவாரியாகக் கூட்டினால் நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை நடந்த வியாபாரம் முழுவதும் முந்தின நாளில் போய் உட்கார்ந்துவிடும். பந்தாட்டம் பார்த்துவிட்டுக் கூட்டம் வருகிற நேரமே அதுதான்.

சரி, நேரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். மாற்றிய பிறகுதான் சித்தப்பா சண்டைக்கு வந்தாராம்: "முன்னே கணக்கு ஓரளவு ஒத்துப்போச்சு, இப்ப சுத்தமா ஒத்துப்போகலையே!" ஏனென்றால் கடையில் நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும்போது. கல்லாப் பெட்டியை எண்ணுவதும் அப்போதுதான். யுடிசி கணக்கில் நாள் மாறுவது நம் காலை 8 மணிக்கு. தவறான அமைப்பு தற்செயலாகக் கிட்டத்தட்ட சரியான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் அவன் நேரத்தை யுடிசியிலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, கடை நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைத் தனி செட்டிங்காக வைத்தான். இதைக் கேட்ட பிறகு அவனிடம் வேறு கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டோம்.

பணத்தை எப்படிச் சேமித்தாய் என்று கேட்டோம். சென் கணக்கில் முழு எண்ணாக என்றான். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.3 வராது, பின்னால் நீளமாக ஒரு வால் வரும். அப்புறம் ரவுண்டிங். நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகை கிட்டத்து 5 சென்னுக்கு மாறும். சேவை வரி வாங்குகிற கடையில் 12.30 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 6 விழுக்காடு சேர்த்து 13.04. போனில் டூயிட்நவ் கியூஆரில் கட்டினால் 13.04, ரொக்கம் என்றால் 13.05. இந்த ஒரு சென் வித்தியாசத்தை எங்கே எழுதுவது? அதற்கு டேட்டாபேஸில் தனி நெடுவரிசை இல்லாவிட்டால் கல்லாவில் இருக்கிற காசும் ரிப்போர்ட்டும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. அவன் வைத்திருந்தான்.

செந்தூல்காரன், நீ வருடக் கணக்கில் கிடங்கில் ஸ்டாக் பார்த்தவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வருகிற பலருக்குக் கிடங்கில் சரக்கு எப்படிக் காணாமல் போகிறது என்றே தெரியாது. அந்த அறிவை ரெஸ்யூமேயில் ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்?

பழைய_பிஎச்பி | திங்கள், காலை 8.20

பாதிராத்திரி சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் மாமா கடை, கோயில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று ஓசியில் வெப்சைட் செய்யக் கிளம்பிவிடும். பிரிக்பீல்ட்ஸில் பல வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். ஓசி வேலைக்குத்தான் திருத்தம் அதிகம். "தம்பி, அந்த லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்கு" என்று தீபாவளி அன்றைக்கும் போன் வரும்.

செய், ஆனால் நூறு வெள்ளியாவது வாங்கு. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அவர்கள் பெயரிலேயே எடுக்கச் சொல், உன் கார்டில் கட்டாதே. என்னென்ன பக்கங்கள், எத்தனை முறை திருத்தம் என்று வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வாங்கு. அடுத்த வருடம் டொமைன் காலாவதியானால் ஏச்சு யாருக்கு விழும் என்று நினைக்கிறாய்?

அக்கரைக்காரி | திங்கள், மதியம் 1.05

பட்டர்வொர்த், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. நானும் டிகிரி இல்லாமல் வந்தவள்தான், இப்போது தீவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன்.

எனக்கு வழி திறந்தது ஒரு டியூஷன் சென்டர் வேலை. காசு கொடுத்தார்கள், குறைவுதான். ஏற்கெனவே வேறு யாரோ செய்து கொடுத்த பதிவுப் படிவம் இருந்தது. பெற்றோர் பலர் பதிவு செய்ய முடியவில்லை என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். பார்த்தால், பெயர்க் கட்டத்தில் எழுத்தும் இடைவெளியும் மட்டும் போகும்படி ரெஜெக்ஸ் போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஐசியில் (அடையாள அட்டை) பெயர் எப்படி இருக்கும்? ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்). நடுவில் சாய்கோடு. அங்கேயே நின்றுவிடும். சில பெயர்களில் @ இருக்கும், சிலவற்றில் மேற்கோள்குறி இருக்கும். இந்த நாட்டுப் பெயர்களையே பார்க்காத யாரோ எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

அதைச் சரிசெய்தேன். கூடவே ஐசி எண்ணிலிருந்து பிறந்த தேதி தானாக வரும்படி வைத்தேன். முதல் ஆறு இலக்கம் தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07, கே.எல். என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். நேர்காணலில் இதைக் காட்டியபோது, 2000-க்குப் பின் பிறந்த பிள்ளையையும் அதற்கு முன் பிறந்தவரையும் எப்படிப் பிரிக்கிறாய் என்று கேட்டார்கள். டியூஷன் பிள்ளைகள் என்பதால் வயது வரம்பு வைத்துப் பிரித்தேன் என்றேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. டெமோவில் உண்மையான ஐசி எண்களைப் போடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், அடுத்தவர் பிள்ளையின் ஐசியை நீங்கள் இப்படிக் கையாள்கிறீர்கள் என்று பார்த்தால் எந்த நிறுவனமும் வாடிக்கையாளர் டேட்டாபேஸை நம்பித் தராது.

பாதிராத்திரி_டெப்ளாய் | திங்கள், மதியம் 1.41

அக்காவின் எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வையுங்கள். ஒரு விண்ணப்பதாரரின் தளத்தில் வேண்டுமென்றே தப்பான முகவரி ஒன்றைத் தட்டினேன். பிழை விவரம் காட்டுகிற APP_DEBUG செட்டிங் அணைக்கப்படவே இல்லை. பிழைப் பக்கம் உள்ளே இருக்கிற கோடிங்கையெல்லாம் விரித்துக் காட்டுகிறது. ரகசிய அமைப்புகள் இருக்கிற .env கோப்பும் கிட்ஹப்பில் அப்படியே கிடந்தது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு. கோடிங் நன்றாகத்தான் இருந்தது. கூப்பிடவில்லை.

சம்பளச்சீட்டு | திங்கள், இரவு 9.10

கோடிங் எனக்குத் தெரியாது, எச்ஆர் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லாரும் போர்ட்ஃபோலியோவைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கையில் இருக்கிற கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தம்பி, அந்த 'ஃப்ரீலான்சர்' விஷயம். அலுவலகம் வரச் சொல்கிறார்களா? நேரம் அவர்கள் சொல்கிறார்களா? லேப்டாப் அவர்கள் கொடுக்கிறார்களா? மாதாமாதம் ஒரே தொகையா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், கடிதத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். வேலைச் சட்டம் 1955-இல் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்து ஒருவரைத் தொழிலாளி என்று கருதலாம் என்கிறது. அதே திருத்தத்தில்தான் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு குறைந்தது. 4,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குபவருக்கு அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் உண்டு. ஏஜென்சிகளில் சைட் லைவ் போகிற வாரம் எப்படி இருக்கும் என்று மேலே இருப்பவர்களைக் கேளுங்கள்.

கணக்கும் பாருங்கள். 2,300 வெள்ளிக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது 299 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 1,794. அது உங்கள் காசு.

பாண்ட். 8,000 வெள்ளிக்கு என்ன பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 75-இன்படி தொகையை எழுதி வைத்திருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். அதற்காக கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கலாம் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பே பேசிக் குறைப்பதுதான் சுலபம். ஒரு வருடம், மாதம் ஆக ஆகத் தொகை குறைய வேண்டும். இப்படிக் கேளுங்கள். "விலகியபின் இதே துறையில் வேறு கம்பெனிக்குப் போகக்கூடாது" என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம், பிரிவு 28-இன்படி அது செல்லாது.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 10.30

அக்கா, லேப்டாப், நேரம், அலுவலகம் எல்லாமே அவர்கள்தான். ஆனால் இதையெல்லாம் கேட்டால் ஆஃபரையே திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. வேறு ஆஃபரும் கையில் இல்லை.

சம்பளச்சீட்டு | திங்கள், இரவு 10.44

மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப எடுக்கிற இடமாக இருந்தால் சம்பளத் தேதியிலும் அப்படித்தான் இருப்பார்கள். கிடங்கு வேலை இன்னும் இருக்கிறதே, பட்டினி கிடக்கப் போவதில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

மோனோரயில் | செவ்வாய், காலை 9.02

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். விளம்பரத்தைத் திறந்தால் பாதியில் 'மாண்டரின் பேசுபவருக்கு முன்னுரிமை'. மாமாக் கடைக்கு எத்தனை டைம்சோன் போட்டு என்ன பயன்? கேட் வரைக்கும் போனால்தானே.

அக்கரைக்காரி | செவ்வாய், மதியம் 12.50

அது உண்மைதான். பினாங்கில் அந்த வரியை அதிகமாகவே பார்த்திருக்கிறேன். எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் எல்லா விளம்பரத்திலும் அதற்கு ஒரே பொருள் இல்லை. வாடிக்கையாளருடன் நேரில் பேசுகிற வேலை, சீனாவிலோ தைவானிலோ தலைமையகம் இருக்கிற நிறுவனம் என்றால் நிஜமாகவே தேவைப்படும். மற்ற இடங்களில் பழைய விளம்பரத்தையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நான் இப்போது இருக்கிற இடத்தின் விளம்பரத்திலும் அந்த வரி இருந்தது. போட்டேன், எடுத்தார்கள். இன்றுவரை என்னிடம் யாரும் மாண்டரினில் பேசியதில்லை, ஹொக்கியனில் திட்டியிருக்கிறார்கள்.

மோனோரயில் | செவ்வாய், மதியம் 1.15

ஒருத்தருக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் சொல்லாதீர்கள். இன அடிப்படையில் ஒதுக்குவதற்கு இது நாகரிகமான பெயர். அவ்வளவுதான்.

நடுவர் | செவ்வாய், மதியம் 1.40

இதற்கு ஏற்கெனவே ஒரு தனி இழை பெரிதாக ஓடிக்கொண்டிருக்கிறது. தொடர விரும்புபவர்கள் அங்கே தொடருங்கள். இங்கே தம்பியின் வெள்ளிக்கிழமை கெடுவைப் பாருங்கள்.

பழைய_பிஎச்பி | செவ்வாய், மாலை 6.25

மோனோரயிலின் ஏஐ பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேலை குறைந்ததோ இல்லையோ, வேலையின் முகம் மாறியிருக்கிறது. முன்பு ஜூனியருக்கு ஒரு ஃபார்ம் பக்கம் கொடுத்தால் இரண்டு நாள் எடுப்பான். இப்போது ஏஐ சில நிமிடத்தில் கக்கிவிடும். அது கக்கியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும். என்னிடம் வருபவர்களிடம் இப்போது எழுதச் சொல்வதில்லை. முன்பே எழுதிய லாராவெல் கோடு ஒன்றைத் திரையில் போட்டு, இதில் என்ன தப்பு என்று கேட்பேன்.

நான் அதிகம் போடுவது இதைத்தான். ஆர்டர்கள் எல்லாவற்றையும் எடுத்து, லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனியாகக் கேட்கிற கோடு. பத்து ஆர்டர் இருக்கிற கணினியில் வேகமாக ஓடும். கடையில் ஐந்தாயிரம் ஆர்டர் சேர்ந்ததும் டேட்டாபேஸுக்கு ஐயாயிரத்தொரு கேள்வி (குவெரி) போகும், பக்கம் படுத்துவிடும். with() போட்டு முன்கூட்டியே வாங்கினால் இரண்டே கேள்வி. இதைத் தானாகக் கண்டுபிடிப்பவனுக்கு மறுநாளே வரச் சொல்வேன். கண்டுபிடிக்க முடியாமல், ஆனால் "எத்தனை குவெரி போகிறது என்று எப்படிப் பார்ப்பது?" என்று திருப்பிக் கேட்பவனையும் எடுத்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் ஏஐயிடம் ஒட்டிக் கேட்கலாமா என்பவனிடம், சரி கேள், வருகிற பதில் சரியா என்று எனக்கு விளக்கு என்பேன். அங்கே பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

திரையில் வருகிற 419 என்ற பிழை எண் என்ன என்றும் கேட்பேன். எச்டிடிபி தரத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது, லாராவெல் தானாக வைத்துக்கொண்டது. ஃபார்மில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளத்திலிருந்து போலியாக அனுப்பாமல் காக்கிற ரகசியக் குறி) இல்லாவிட்டாலோ காலாவதியானாலோ வரும். கையால் ஒரு ஃபார்மாவது செய்து பார்த்தவன் இந்த எண்ணைக் கட்டாயம் பார்த்திருப்பான்.

சிக்னல்_இல்லை | செவ்வாய், இரவு 8.00

டிகிரி விஷயத்தையும் யாராவது நேராகச் சொல்லுங்களேன். வேண்டவே வேண்டாமா?

பாதிராத்திரி_டெப்ளாய் | செவ்வாய், இரவு 11.55

முதல் வேலைக்கு, சின்ன நிறுவனம் என்றால், வேண்டாம். ஆனால் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று யாரும் சொன்னால் நம்பாதே.

அரசாங்க வேலைக்குத் தகுதிச் சான்று இல்லாமல் கதவு திறக்காது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களில் எச்ஆர் வடிகட்டியிலேயே நின்றுபோகலாம். நம்மில் பலர் மனதில் வைத்திருக்கிற சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்று மதிப்பெண் முறை. 40 புள்ளி வேண்டும். படிப்புக்கென்று ஒரு பகுதி, டிகிரி இல்லாவிட்டால் அதில் பூஜ்யம். மற்றவற்றில் ஈடுகட்டலாம்தான், ஆனால் குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல் 5,600 சிங்கப்பூர் டாலர். ஜூனியருக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்?

அதனால் முதலில் வேலை, படிப்பு பிறகு. நம் நாட்டில் அபெல் என்று ஒரு வழி இருக்கிறது. 21 வயதுக்கு மேல், தொடர்புள்ள வேலை அனுபவம் இருந்தால், ஒரு தேர்வும் போர்ட்ஃபோலியோவும் கொடுத்து எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின தேர்வு) இல்லாமலே டிகிரியில் சேரலாம். ஜார்ஜ்டவுனில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், கே.எல். பக்கம் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். நாங்கள் எடுத்த அந்த மாமாக் கடைப் பையன் இப்போது அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறான். அம்மா நகையை வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு வையுங்கள், பூட்கேம்புக்கு வேண்டாம்.

செந்தூல்காரன் | வியாழன், மாலை 7.48

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சம்பளச்சீட்டு அக்கா சொன்னபடி மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் முதலாளியே கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, "இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் முதல் நாளிலிருந்தே ஊழியர், மூன்று மாதம் தகுதிகாண் காலம், இபிஎஃப், சொக்சோ உண்டு, பாண்ட் ஒரு வருடம், மாதாமாதம் குறையும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் சம்பளத்தை 2,200 ஆக்கிவிட்டார்.

எடுத்துக்கொள்ளலாமா? கையில் வருவது குறைகிறதே. பினாங்கில் அறை வாடகைக்கு வேறு கொடுக்க வேண்டும்.

சம்பளச்சீட்டு | வியாழன், இரவு 8.15

2,200-இல் உங்கள் பங்கு 11 விழுக்காடு, 242 போகும். சொக்சோ, எஸ்ஐபி (வேலையிழப்புக் காப்புறுதி) போனால் கையில் 1,940 சொச்சம். முதலாளி பங்கு 286. உங்கள் பெயரில் மாதம் 528 வெள்ளி சேருகிறது. அவருக்கு ஆகிற செலவு 2,300-லிருந்து கிட்டத்தட்ட 2,500 ஆகியிருக்கிறது, அதனால் அவர் உங்களை ஏமாற்றவில்லை. கையில் காசு இறுகும் என்பது நிஜம். முதல் வாடகை, முன்பணத்துக்குச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தகுதிகாண் காலம் முடிந்ததும் சம்பளத்தை மறுபடி பார்ப்போம் என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

அக்கரைக்காரி | வியாழன், இரவு 8.40

தீவில் அறை எடுக்காதே தம்பி. இந்தப் பக்கம், பட்டர்வொர்த் அல்லது பிறையில் எடு, வாடகை குறைவு. மோட்டார் இருக்கிறதா? பினாங்குப் பாலத்தில் 2019 முதல் மோட்டாருக்கு டோல் கிடையாது. காலையில் 7 மணிக்கு முன் ஏறிவிட்டால் பாயான் லெப்பாஸ் சுலபம், 7.30 ஆனால் பாலத்திலேயே பசியாற வேண்டியதுதான். மழைச்சட்டை நல்லதாக வாங்கு, பாலத்தில் காற்று மலிவுச் சட்டையைக் கிழித்துவிடும். வீட்டுக்குப் போக பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய கே.எல்.

மோனோரயில் | வியாழன், இரவு 9.05

எடுத்துக்கொள் தம்பி. நான் சொன்னதை எதையும் திரும்ப வாங்கவில்லை, ஆனால் எடுத்துக்கொள்.

செந்தூல்காரன் | இரண்டு மாதம் கழித்து, சனி, காலை 11.20

இழையை மேலே கொண்டு வருகிறேன். சிலர் தனிமடலில் கேட்டார்கள்.

சேர்ந்துவிட்டேன். பிறையில் அறை. முதல் மூன்று வாரம் லாராவெலைத் தொடவே இல்லை. பழைய வேர்ட்பிரஸ் தளங்களை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பிளக்இன் அப்டேட் செய்து எது உடைந்தது என்று பார்ப்பது, ஒரு பல் மருத்துவமனைத் தளத்தில் போன் எண்ணை மாற்றுவது, இவைதான். சலிப்பாகத்தான் இருந்தது. கிட் (Git) மென்பொருளில் பிராஞ்ச் என்ற தனிக் கிளை போட்டு மற்றவர் பார்த்தபிறகு சேர்க்கிற பழக்கம் இங்கேதான் வந்தது. தனியாகப் படித்தபோது எல்லாவற்றையும் main என்ற முதன்மைக் கிளையிலேயே தள்ளிக்கொண்டிருந்தேன், கேட்க ஆள் இல்லை.

நான்காவது வாரம் வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்-இன்வாய்ஸ் இணைக்க வேண்டியிருந்தது. வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-இல் 10 கோடி வெள்ளிக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜனவரி 1 முதல் 2.5 கோடிக்கு மேல் என்று படிப்படியாகக் கட்டாயமாக்கிய திட்டம். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் ஏபிஐக்கு (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) எக்ஸ்எம்எல் அல்லது ஜேசனில் அனுப்ப வேண்டும். சோதித்துப் பார்க்கத் தனி சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. அலுவலகத்தில் யாருக்கும் சரக்கு திரும்பி வந்தால் எந்த ஆவணம் போகும், பாதி சரக்கு மட்டும் வந்தால் கணக்கு எப்படி மாறும் என்று புரியவில்லை. எனக்குக் கிடங்கில் அன்றாடம் பார்த்த விஷயம். பலகையில் வரைந்து காட்டினேன். இப்போது அந்த வேலை முழுவதும் என்னிடம்.

பாதிராத்திரி_டெப்ளாய் | சனி, மதியம் 12.02

மின்-இன்வாய்ஸ் ஏபிஐ தெரிந்த ஜூனியர் என்றால் அடுத்த வருடம் உன்னைப் பலர் தேடி வருவார்கள். பாண்ட் எப்போது முடிகிறது?

செந்தூல்காரன் | சனி, மதியம் 12.10

அண்ணே, முதலாளியும் இந்த இழையைப் படிக்கிறார் 😅

புதுமுகம்_கிள்ளான் | சனி, மாலை 4.33

அண்ணா, நானும் எஸ்பிஎம்தான். ரெஸ்யூமேயில் கிடங்கு வேலையை எங்கே எழுதினீர்கள்? நான் மினி மார்க்கெட்டில் கேஷியர். போட்டால் சிரிப்பார்களா?

செந்தூல்காரன் | சனி, மாலை 5.01

அந்த வேலை கிடைத்தபோது நான் ரெஸ்யூமேயை மாற்றியிருக்கவில்லை, அதனால் என்னுடையதைப் பார்த்து எழுதாதீர்கள். இப்போது எழுதினால் இப்படிச் செய்வேன்: ஒரே பக்கம், பெயருக்குக் கீழேயே ஓடுகிற தளத்தின் லிங்க், அதற்குக் கீழே கேஷியர் வேலை. ஷிப்ட் முடிவில் கல்லாவும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி. 5 சென் ரவுண்டிங் பற்றி மேலே பாதிராத்திரி அண்ணன் எழுதியிருக்கிறாரே, அது உங்களுக்கு தினமும் நடப்பதுதானே. உங்கள் மார்க்கெட்டின் ரசீது ஒன்றை வைத்துக்கொண்டு அதே கணக்கு வருகிற பக்கம் ஒன்று செய்து இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.

பழைய_பிஎச்பி | சனி, மாலை 5.20

போடும் முன் .env-ஐ எடுத்துவிட்டுப் போடு.